தட்டின் மேல் ஒரு கை

வியாழக்கிழமை மாலைகளில் கம்சாயினி வீட்டு வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நிற்கும். உன்ஜியும் அவள் தம்பி சுங்மினும் பெரிய பைகளைச் சுமந்துகொண்டு இறங்குவார்கள். சப்பாத்துகளைக் கழற்றி ஜோடி ஜோடியாக அடுக்கிவைப்பார்கள். பிறகு கம்சாயினியின் அம்மாவுக்குத் தலை குனிந்து வணக்கம் சொல்வார்கள்.

“எங்கடை வீட்டிலையும் ஒரு ஆள் இருக்கு. ஒரு சப்பாத்து கட்டிலுக்குக் கீழை, மற்றது குசினிக்குள்ளை,” என்பார் அம்மா.

கம்சாயினி வேறெங்கோ பார்ப்பாள்.

அவளுக்குப் பத்து வயது. அவள் அம்மா யோகராணி யாழ்ப்பாணத்தில் ஆங்கில ஆசிரியையாக இருந்தவர். ஆக்லாந்துக்கு வந்து கிளென் ஈடன் பகுதியில் குடியேறிய பிறகு, கொரியாவிலிருந்து படிக்க வந்த பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஆங்கிலம் கற்பித்தார்.

உன்ஜிக்குப் பதினைந்து வயது, சுங்மினுக்குப் பதின்மூன்று. அவர்களுடைய அப்பா கொரியாவில் வேலை செய்தார். அம்மாதான் இங்கே பிள்ளைகளோடு இருந்து, ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்குக் காரில் கொண்டுபோய் விடுவார். பள்ளி விட்டதும் கணக்கு வகுப்பு. அது முடிந்ததும் ஆங்கிலம். இங்கிருந்து நேரே வயலின். வீட்டுக்குப் போனால் வீட்டுப்பாடம் காத்திருக்கும்.

இப்படி ஓடி வருகிற பிள்ளைகளை வெறும் வயிற்றோடு படிக்க வைக்க அம்மாவுக்கு மனம் வராது. முதலில் சுடச்சுடத் தோசை. தொட்டுக்கொள்ளச் சம்பல். பாடம் நடத்தும்போது அம்மா அழகாக ஆங்கிலம் பேசுவார். பரிமாறும்போது மட்டும் அவருக்குத் தமிழ்தான் வரும்.

“வடிவாச் சாப்பிடுங்கோ, பிள்ளையள்.”

பிள்ளைகள் ஒரு துண்டுகூட மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார்கள். தட்டு காலியானதும் அம்மா இன்னொரு தோசை போடுவார். அதுவும் காலியாகும். அம்மா மறுபடியும் அடுப்படிக்கு ஓடுவார்.

அதன் பிறகு பாடம். புத்தகத்தைத் திறந்த கொஞ்ச நேரத்திலேயே உன்ஜியின் கண்கள் சொருகும். சுங்மின் பென்சிலைப் பிடித்தபடியே தூங்கிப்போவான். கேள்வி கேட்டால் இருவரும் திடுக்கிட்டு விழித்து, “யெஸ்” என்பார்கள். எந்தக் கேள்விக்கும் அதுதான் பதில்.

ஒருநாள் கார் போன பிறகு அம்மா பெருமூச்சு விட்டார். “என்ரை படிப்பிப்பு தாலாட்டு மாதிரி இருக்குப் போல. நித்திரை கொள்ளுற பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறன் எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறது சரியில்லை. இந்தத் தவணையோடை நிப்பாட்டப் போறன்.”

கம்சாயினி வாசலிலேயே நின்றுவிட்டாள். பாடம் முடிந்து கார் வரும்வரை உன்ஜியும் அவளும் வீட்டுப் பின்வளவில் இலாஸ்டிக் நாடாவைக் கட்டித் தாண்டி விளையாடுவார்கள். ஒரு முனையை வேலிக் கட்டையில் கட்டுவார்கள். மறுமுனைக்குச் சுங்மின்தான் தூண். தூணும் பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் நிற்கும். கொரியாவில் எப்படித் தாண்டுவார்கள் என்று உன்ஜி கற்றுத்தருவாள். வகுப்பு நின்றால் உன்ஜியும் வரமாட்டாள்.

அடுத்த வியாழன் உன்ஜி ஒரே ஒரு தாண்டு தாண்டினாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

“சுகமில்லையா?” என்று கம்சாயினி ஆங்கிலத்தில் கேட்டாள். அவர்கள் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில்தான்.

“வயிறு நிறைய. மிக மிக நிறைய,” என்றாள் உன்ஜி.

“அப்படியானால் ஏன் அவ்வளவு சாப்பிட்டாய்?”

“பெரியவர்கள் போட்டால் நாங்கள் மிச்சம் வைக்கமாட்டோம். வைத்தால் உன் அம்மாவுக்குக் கவலை.”

கம்சாயினி வாயைப் பிளந்தாள். “எங்கள் வீட்டில் தட்டு காலியாக இருந்தால் இன்னும் பசி என்று அர்த்தம். நீ முடிக்க முடிக்க அம்மா போட்டுக்கொண்டே இருப்பா.”

தூண் கண்ணைத் திறந்தது. “அப்படியென்றால் அது எப்போதுதான் முடியும்?” என்று கேட்டான் சுங்மின்.

“மா முடிந்தால் முடியும்.”

“நான் அந்த மாச் சட்டியைப் பார்த்தேன்,” என்றான் சுங்மின். “அது மிகப் பெரியது.”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு புல்லில் விழுந்து சிரித்தார்கள். உன்ஜிக்குச் சிரிக்கவும் வயிறு வலித்தது.

கம்சாயினி ஓடிப்போய்த் தன் ஃபிரிஸ்பியை எடுத்துவந்தாள். அது தட்டு. மரத்தடியில் கிடந்த காய்ந்த இலைகள் தோசை.

“போதும் என்று வாயால் சொன்னால் மட்டும் அம்மா விடமாட்டா. கையும் வேண்டும். இப்படித் தட்டுக்கு மேலே விரி. எடுக்கக் கூடாது. இடைவெளி கிடைத்தால் தோசை விழுந்துவிடும்.”

அவள் அம்மாவைப் போலவே இடுப்பில் கை வைத்தாள். “சின்னத் தோசைதான், பிள்ளை. ஒண்டே ஒண்டு.”

உன்ஜியின் கை தயங்கித் தயங்கி வந்தது. “நோ, தாங்க் யூ,” என்று முனகினாள்.

“கேட்கவில்லை. இந்தா தோசை.” இலை விழுந்தது.

“நோ, தாங்க் யூ. எனக்குப் போதும்.”

“சம்பல் சரியில்லையோ?”

“சம்பல் நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்குப் போதும்.” இந்த முறை கை அசையவில்லை. இலை விழ இடமில்லை.

அடுத்த வியாழன் அம்மா மூன்றாவது தோசையோடு வந்தார். தட்டின் மேல் ஒரு கை விரிந்திருந்தது.

“நோ, தாங்க் யூ. தோசை மிக நன்றாக இருக்கிறது. எனக்குப் போதும்,” என்றாள் உன்ஜி ஆங்கிலத்தில்.

அம்மா அப்படியே நின்றார். “கம்சா, இந்தப் பிள்ளை முழு வசனமாக் கதைக்குது.”

“ஓம் அம்மா. நீங்கள்தானே படிப்பிச்சது,” என்றாள் கம்சாயினி.

அன்று யாரும் தூங்கவில்லை. சுங்மின்கூட இரண்டு கேள்விகளுக்கு “நோ” சொன்னான். அதில் ஒன்று சரியான பதில்.

பாடம் முடியும் நேரத்தில் உன்ஜியின் அம்மா வந்தார். அவருடைய கண்களும் களைத்திருந்தன. கைப்பையிலிருந்து ஒரு நீலத் தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

“புது வகுப்பு,” என்றார் ஆங்கிலத்தில். “சனிக்கிழமை காலை. நல்ல ஆசிரியர்.”

உன்ஜியின் முகம் வாடிவிட்டது. வாரத்தில் அவளுக்கு என்று இருந்தது அந்த ஒரு காலைதான். அவள் கம்சாயினியைப் பார்த்தாள். கம்சாயினி மேசைக்குக் கீழே தன் கையை மெல்ல விரித்துக் காட்டினாள்.

உன்ஜியின் கை நீலத் தாளின் மேல் விரிந்தது.

“நோ, தாங்க் யூ, அம்மா. எனக்குப் போதும்.”

கொரிய மொழியில் அதைச் சொல்ல அவளுக்குத் துணிவு வந்திருக்காது. அவள் அம்மா தாளை இழுத்துப் பார்த்தார். கை அசையவில்லை. கொரிய மொழியில் ஏதோ கேட்டார். உன்ஜி தலை குனிந்தாள். ஆனாலும் கையை எடுக்கவில்லை.

யோகராணிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்படியான நேரங்களில் அவர் வழக்கமாகச் செய்வதையே செய்தார். ஒரு தோசை கொண்டுவந்தார்.

“இருங்கோ, சாப்பிடுங்கோ.”

உன்ஜியின் அம்மா உட்கார்ந்தார். மரியாதையாக முழுவதையும் சாப்பிட்டார். தட்டு காலியானது. இன்னொரு தோசை வந்தது. அதையும் சாப்பிட்டார். மூன்றாவது வந்தபோது பெரிதாக மூச்சு வாங்கினார். நான்காவது அடுப்பில் சீறும் சத்தம் கேட்டது.

“அக்கா, அம்மாவுக்கும் கையைச் சொல்லிக்கொடு,” என்று சுங்மின் கிசுகிசுத்தான்.

“பொறு,” என்றாள் உன்ஜி.

நான்காவது தோசை வந்துவிட்டது. உன்ஜியின் அம்மா அதைப் பார்த்தார். தன் தட்டைப் பார்த்தார். பிறகு நீலத் தாளின் மேல் இன்னும் விரிந்தபடியே இருந்த மகளின் கையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

மெதுவாகத் தன் கையைத் தட்டின் மேல் விரித்தார்.

“நோ, தாங்க் யூ,” என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். உன்ஜியும் சிரித்தாள். போகும்போது அவர் நீலத் தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அடுத்த வியாழன் இலாஸ்டிக் கட்டும்போது கம்சாயினி கேட்டாள். “சனிக்கிழமை காலை என்ன செய்தாய்?”

“தூங்கினேன்.”

“பிறகு?”

“மறுபடியும் தூங்கினேன். பிறகு நானும் தம்பியும் வெறுங்காலோடு தெருமுனை டெயரிக் கடைக்கு நடந்துபோய் ஐஸ்கிரீம் வாங்கினோம். அம்மாவும் வந்தார். காரை எடுக்கவில்லை.”

வகுப்பு அடுத்த தவணையும் தொடரும் என்று கம்சாயினியின் அம்மா சொல்லிவிட்டார். அவர் இப்போது இரண்டு தோசையோடு நிறுத்திக்கொள்வார். உன்ஜியின் கையைப் பார்த்த பிறகுதான் திரும்புவார்.

ஆனால் ஒரு வியாழன் அவர் திரும்பப் போனபோது, பின்னால் ஒரு குரல் கேட்டது. கம்சாயினி கற்றுக்கொடுத்த தமிழ்.

“அன்ரி,” என்று தட்டை நீட்டினாள் உன்ஜி. “இன்னும் ஒண்டு.”