தூவல்மலையின் மீட்புத் தட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை மீட்புத் தட்டில் ஒரு சட்டைப் பொத்தான் கிடந்தது. நீலப் பொத்தான். முந்தின நாள் காலையில் தன்ஷிகாவின் கணவர் லோகித் அருவி பார்க்கக் கிளம்பியபோது போட்டிருந்த சட்டையுடையது.

தன்ஷிகா அதைக் கையில் பொத்திக்கொண்டு வீட்டுவண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டாள். முழங்காலில் தகடு வைத்த மனுஷன், தனியாகப் போகாதீங்க என்று எத்தனை தடவை சொன்னாள். கேட்டால்தானே. எதிரே தூவல்மலை மாநிலப் பூங்கா பச்சைப்பசேலென்று விரிந்து கிடந்தது. இதைப் பார்க்க அனுமதி கிடைக்கவே ஆறு வருஷம் காத்திருந்தார்கள். இப்போது அந்த மலையைப் பார்க்கவே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

பொத்தானைக் கொண்டுவந்து போட்டது துடைப்பிகள். கடுகளவு இயந்திரங்கள், ஒவ்வொரு வண்டியோடும் எட்டு லட்சம் இருக்கும். பூங்கா வாசலில் நுழையும்போதே எச்சிலைப் பஞ்சில் தொட்டு அடையாளத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். அதன்பிறகு அந்த ஆளின் முடி, வியர்வை, காலடி, அவர் ஒடித்த கிளை என்று எதையும் விட்டுவைக்காது. மக்குவதைத் தின்றுவிடும். மக்காததைத் தூக்கிவந்து வண்டி வாசலிலுள்ள தட்டில் போடும். மனுஷன் வந்துபோன காட்டில் மனுஷன் வந்ததே தெரியாது. இதற்காகப் பத்து வருஷம் மனுப் போட்டு, உண்ணாவிரதம் இருந்து சாதித்தது வீட்டுவண்டிப் பயணிகள் சங்கம். அதன் செயலாளர் வேறு யாருமில்லை, தன்ஷிகாதான்.

வனக்காவலர் இசக்கிராஜா வந்து நின்றார். நேற்று மதியத்திலிருந்து தேடி அலுத்த முகம்.

"நாய் ஏதாவது கண்டுபிடிச்சுதா?" என்றாள்.

"வண்டியையே சுத்திச் சுத்தி வருதும்மா. மோப்பம் இருந்தாத்தானே அதுவும் போகும்? சார் நடந்த தடம் அரை மணி நேரத்துல அழிஞ்சிருக்கும்."

"வழி தவறினா கிளையை ஒடிச்சுப் போட்டிருப்பார். விவரமான ஆளு."

"அதுங்க ஒட்டி வச்சிருக்கும். மண்ணுல அம்புக்குறி கீறியிருந்தாலும் நிரவியிருக்கும்."

மேலே பறந்து தேடிய கருவிக்கு மரங்களின் உச்சியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. காட்டில் போன் சிக்னல் கிடையாது. பறவைகளுக்கு ஆகாது, கோபுரம் வேண்டாம் என்று மறித்ததும் சங்கம்தான்.

"அந்தச் சனியன்களைக் கொஞ்ச நேரம் நிறுத்தித் தொலைங்களேன்."

இசக்கிராஜா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நிறுத்துற வசதியே கிடையாதும்மா. இருந்தா ஆளாளுக்கு நிறுத்திட்டுக் குப்பை போடுவாங்கன்னு உங்க சங்கம்தானே எழுதிக் கொடுத்துச்சு."

அது அவளே உட்கார்ந்து எழுதிய வரி. அன்றைக்குக் கைதட்டல்கூட வாங்கியது. அவமானத்தில் அவள் கையிலிருந்த பொத்தானையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மதியம் மூக்குக்கண்ணாடி வந்தது. ஒரு பக்கம் விரிசல். ஆயிரக்கணக்கான துடைப்பிகள் அதை இழுத்துவந்து தட்டில் ஏற்றிவிட்டுக் கலைந்தன. அவை வந்த வழியைப் பிடித்துக்கொண்டு காவலர்கள் ஓடினார்கள். பத்தடிக்குள் எல்லாம் சருகுக்கடியில் புகுந்து மறைந்துவிட்டன. சருகில் கடுகைத் தேடி யாரால் ஆகும்?

தன்ஷிகா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

"அழாதீங்கம்மா. உடம்புல சூடு இருக்கிற வரைக்கும் அதுங்க கிட்டயே போகாது. கீழ விழுந்ததை மட்டும்தான் எடுக்கும்" என்றார் இசக்கிராஜா. பிறகு கொஞ்சம் தயங்கினார். "ஒரே ஒரு வழி இருக்கு. வண்டி பூங்கா வாசலைத் தாண்டிட்டா துடைப்பியெல்லாம் வேலையைப் போட்டுட்டு வண்டிக்குத் திரும்பிடும். அதுக்கப்புறம் சார் ஒரு அடி எடுத்து வச்சாலும் தடம் நிக்கும். நாய் பிடிச்சிடும்."

"அதுக்குள்ள அவர் இங்க வந்து சேர்ந்தா? கண்ணாடிகூட இல்லாம, வண்டி நின்ன இடத்தைத் தடவிக்கிட்டு நிப்பாரே."

"நான் இங்கயே நிக்கேன்மா."

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் அவரை விட்டுவிட்டு வண்டியை எடுத்ததே இல்லை. இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போம் என்றாள். அது போனதும் இன்னொரு மணி நேரம் என்றாள். இப்படியே பொழுது போய்விட்டது.

திங்கட்கிழமை விடிந்ததும் தட்டைப் பார்த்தாள். காலியாக இருந்தது. அதுவே அவளுக்குத் தெம்பாக இருந்தது. ஒன்றும் கீழே விழவில்லை என்றுதானே அர்த்தம்? கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். வாசலைத் தாண்டி ஓரமாக நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

ஒன்பது மணிக்கு மேல் துடைப்பிகள் வரத் தொடங்கின. சாம்பல் நிறத்தில் கோடு கோடாக இறங்கி வண்டிக்கடியில் ஏறின. கையிலிருந்த வேலையைப் பாதியில் விட்டாலும், தூக்கிய பொருளை அவை கீழே போடுவதில்லை. ஒரு கோடு கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்தது. அடுத்தது பெல்ட் கொக்கி. அதற்கடுத்து மோதிரம்.

இறந்துபோனவரின் சட்டையை மடிப்பதுபோல அவள் ஒவ்வொன்றையும் எடுத்துத் துடைத்து வரிசையாக வைத்தாள். கடைசிக் கோடு ரொம்ப மெதுவாக வந்தது. விரல் நீளத்தில் ஓர் உலோகத் தகடு, அதனோடு ஆறு திருகாணிகள்.

நேற்று மதியமே கிளம்பியிருந்தால் என்று நினைத்தாள். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

வாசல் திரையில் எழுத்துகள் ஓடின: வந்தவர் இருவர். விட்டுச் சென்ற சுவடு எதுவுமில்லை. காட்டின் சார்பில் நன்றி.

இசக்கிராஜா நாயோடு இறங்கி வந்தார். தட்டைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"மோந்து பாரு," என்று தன்ஷிகா தகட்டை நாயின் முகத்தருகே நீட்டினாள். "ஒரே ஒரு தடவை பாரு. எங்க படுத்திருந்தார்னு மட்டும் காட்டு. ஒரு பிடி மண்ணாவது எடுத்துக்கறேன்."

நாய் தகட்டை நன்றாக முகர்ந்தது. பிறகு அவள் கையை முகர்ந்தது. அதற்கு ஒன்றும் தெரியவில்லை. வாலை ஆட்டிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றது.