தாய்மாமன் வராத காதுகுத்து

"வாங்க மகாராணி... வாங்க! யாராச்சும் ஆரத்தி கரைங்கடி, ஏனாத்துலேருந்து சம்பளக்காரி எறங்கியிருக்கா!"

எழில்மதி இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ரயில் மாறி ரயில் ஏறி வந்த களைப்பு முகத்தில் அப்பிக் கிடந்தது. குரும்பகரத்து வீட்டு வாசலை அடைத்துப் பந்தல் போட்டு, வாழைமரம் கட்டி, பின்கட்டில் சமையலும் தொடங்கியாகிவிட்டது. அவள் மகள் இளவேனிலுக்கு இன்றைக்குக் காதுகுத்து.

"போதும் அத்தை... பந்தல்ல ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டுமே! ஒன்றரை வயசுப் புள்ளைய இடுப்புலேருந்து எறக்கிவிட்டுட்டு உத்தியோகம் பாக்கப் போனவதானே நீ? அப்ப பாக்காத ஆளுங்களா இப்ப புதுசா வந்திருக்காங்க?"

மாமியார் திரிபுரசுந்தரியை ஊரில் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. அந்த மரியாதை சும்மா வந்ததல்ல. கணவர் போன பிறகு ஒரு குழி நிலம் விற்காமல், எவர் வாசலிலும் போய் நிற்காமல், மகன் சிவக்குமாரையும் மகள் நித்யஸ்ரீயையும் ஆளாக்கியவள். நிமிர்ந்து நடப்பவள். ஆனால் மருமகள் விஷயத்தில் மட்டும் அந்த அம்மாளின் நாக்கு ஒன்றரை வருஷமாக அடங்கவில்லை.

குழந்தை பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. முகம் மலர்ந்தது.

"அப்பாயி... போனம்மா! போனம்மா வந்துருச்சு!"

தினமும் கைப்பேசித் திரையில் பார்த்துப் பேசிய அம்மாவுக்குக் குழந்தை தானாக வைத்த பெயர் அது. எழில்மதி குனிந்து கைகளை நீட்டினாள். குழந்தை சிரித்தது. ஆனால் முந்தானையை விடவில்லை.

"பாத்தியா? நல்லா பாத்துக்க," என்றாள் திரிபுரசுந்தரி. "பெத்தவளுக்குப் புள்ளை வெச்ச பேரு!"

எழில்மதி கண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு பந்தலைச் சுற்றிப் பார்த்தாள். மாமன் சீர்த் தட்டுகள் எதுவும் வந்து இறங்கியதாகத் தெரியவில்லை.

"எங்கண்ணன் இன்னும் வரலையா அத்தை?"

"எந்த அண்ணன்?"

"என்ன அத்தை கேக்குறீங்க... தாய்மாமன் மடியிலதானே ஒக்கார வெச்சுக் குத்தணும்?"

"தாயே இல்லாம வளர்ற புள்ளைக்குத் தாய்மாமன் என்னத்துக்கு? சிவக்குமாரோட பெரியப்பா மகன் வந்திருக்கான். அவன் மடியில வெச்சுக் குத்திடலாம்."

பூவத்தில் இருக்கும் எழில்மதியின் அண்ணன் ரஞ்சித்குமாருக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்புப் போகவே இல்லை! பெண் கொடுத்த வீட்டை இதைவிடக் கேவலப்படுத்த முடியாது. மாமன் மடி இல்லாமல் ஒரு குழந்தைக்குக் காது குத்தினால், அதைப் பெற்றவளுக்குப் பிறந்த வீடே இல்லை என்று ஊரைக் கூட்டிச் சொன்ன மாதிரி.

கொல்லையில் தண்ணீர் அண்டாவுக்குப் பக்கத்தில் கணவன் சிவக்குமாரைப் பிடித்தாள்.

"நீங்க பூவத்துக்குப் போகலையா?"

"அம்மா வேணாம்னுட்டாங்க எழிலு... நான் என்ன பண்றது? இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்க."

"ஒன்றரை வருஷம் பொறுத்துட்டேனே, அதுக்கு மேல இன்னிக்கு ஒரு நாளா? அன்னிக்கு ராத்திரி நீங்களும் உங்க தங்கச்சியும் என் முன்னாடி கை கூப்பிக்கிட்டு நின்னீங்களே... ஞாபகம் இருக்கா? இல்ல, அதையும் அம்மா மறந்துடச் சொல்லிட்டாங்களா?"

சிவக்குமார் அண்டாவுக்குள் பார்த்துக்கொண்டு நின்றான்.

எழில்மதியும் நித்யஸ்ரீயும் காரைக்கால் அரசு மருத்துவமனையில் ஒன்றாக வேலை பார்த்த நர்ஸுகள். புதுச்சேரி அரசு உத்தியோகம் என்றால் என்றாவது ஒரு நாள் மாஹேக்கோ, ஆந்திரக் கடலோரத்து ஏனாமுக்கோ மூட்டை கட்ட வேண்டியிருக்கும். அந்த முறை வந்தது நித்யஸ்ரீக்கு. பிரசவ விடுமுறை முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய வாரம். கோவில்பத்தில் இருக்கும் அவள் மாமியார் காதுக்குப் போனால் வேலையை விடச் சொல்லிவிடுவார்கள். விடவில்லையென்றால் வாழ்க்கையே ஆட்டம் கண்டுவிடும். "அண்ணி... நீங்கதான் என்னைக் காப்பாத்தணும்" என்று அவள் அழுதாள். எழில்மதி அதிகாரியிடம் போய், அவளுக்குப் பதிலாகத் தன் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று நித்யஸ்ரீ சத்தியம் வாங்கியிருந்தாள். எழில்மதி சொல்லவில்லை. எத்தனை பேச்சு வாங்கியும் சொல்லவில்லை. கொடுத்த வாக்கு அவளைப் பொறுத்தவரை அவ்வளவுதான்.

அந்த நித்யஸ்ரீதான் இப்போது தன் குழந்தையோடும் மாமியாரோடும் வந்து இறங்கினாள். சம்பந்தியம்மாளைப் பந்தலில் உட்கார வைத்துவிட்டு மகளை உள்ளே அழைத்து வந்த திரிபுரசுந்தரி, எழில்மதியைப் பார்த்ததும் மறுபடி ஆரம்பித்தாள்.

"இதோ, எம் பொண்ணும் நர்ஸுதான். புள்ளைக்குப் பால் குடுத்துட்டுப் போறா, டூட்டி முடிஞ்சா நேரா வீட்டுக்கு வர்றா. எந்த ஊருக்கு ஓடினா? மனசு வேணும்டி... மனசு!"

"அம்மா, விடேன்..." என்றாள் நித்யஸ்ரீ. அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"நீ சும்மா இரு. உங்கண்ணிக்கு நல்லது சொல்ல இங்க ஆள் இல்ல."

எழில்மதி நிமிர்ந்தாள். "எனக்கு எது வேணா சொல்லுங்க அத்தை. ஆனா எங்கண்ணன் மடியில ஒக்காராம எம் புள்ளை காதுல ஊசி படக் கூடாது."

"படக் கூடாதா? சரி... ஒன்னு செய். வேலைய விட்டுடறேன்னு இந்த சாமி மாடத்துல அடிச்சுச் சொல்லு. இப்பவே தட்டோட பூவத்துக்கு ஆள் அனுப்புறேன். உங்கண்ணன் மானம் பெருசா, உன் சம்பளம் பெருசா? சொல்லு பாப்போம்!"

எழில்மதி சாமி மாடத்தைப் பார்த்தாள். அவள் கை ஓர் அங்குலம் உயர்ந்தது... பிறகு இறங்கியது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் மாப்பிள்ளை தேடிய அப்பாவிடம் சண்டை போட்டு, பூவத்திலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் படித்த படிப்பு. அதை இன்னொருத்தியின் தாய்மைக்காகத் தூரத்துக்குக் கொண்டுபோனாள். தூக்கி எறிவதற்காக அல்ல.

"சொல்ல மாட்டேன் அத்தை."

"அப்ப புள்ளைய மறந்துடு!"

அந்த நேரம் பார்த்துத்தான் கையில் பரிசுப் பெட்டியோடு உள்ளே வந்தாள் உம்மு சல்மா. இரண்டு பேரோடும் அதே வார்டில் வேலை பார்த்தவள். வாய் ஓயாதவள், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

"எழிலு! இளைச்சுப் போயிட்டியேடி! ஏன் நித்யா, இன்னிக்காச்சும் உங்கண்ணிக்கு ஒரு பட்டுப் புடவை எடுத்துக் குடுத்தியா? உனக்கு வந்த ஏனாம் ஆர்டரை யாரு வாங்கிக்குவா? கூடப் பொறந்தவகூட செய்ய மாட்டா! என் பேரைப் போட்டுக்கங்கன்னு போயி நின்னாளே... நாங்க இன்னமும் வார்டுல பேசிக்கிறோம்." பிறகு திரிபுரசுந்தரியைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்க குடுத்து வெச்சவங்கம்மா. இப்படி ஒரு மருமக யாருக்கு அமையும்!"

யாரும் சிரிக்கவில்லை. சல்மாவின் சிரிப்பு மெல்ல அணைந்தது. எழில்மதியின் முகத்தைப் பார்த்தாள். பெட்டியை வைத்துவிட்டு, "நான்... வெளிய இருக்கேன்" என்று நழுவினாள்.

திரிபுரசுந்தரி கதவைச் சாத்தினாள்.

"நித்யா... அந்தப் பொண்ணு சொன்னது நெசமா?"

மகள் வாயைத் திறப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. பளீரென்று ஓர் அறை விழுந்தது.

"நான் தெனமும் அவளைத் தூத்துறேன்... நீ பக்கத்துல ஒக்காந்து காப்பி குடிச்சியேடி! என் வயித்துல பொறந்தவதானா நீ?" கொல்லைப்பக்க நிலையில் வந்து நின்ற சிவக்குமார் பக்கம் திரும்பினாள். "உனக்கும் தெரியும். உன் மூஞ்சியே சொல்லுது. பொண்டாட்டிய நாலு பேர் முன்னாடி கேவலப்படுத்துறேன், தடுக்க ஒரு வார்த்தை இல்லாம கொல்லையில போயி அண்டாவ எட்டிப் பாத்துக்கிட்டு நிக்கிற ஆம்பளை!"

பிறகு மருமகளிடம் வந்தாள். கோபம் இன்னும் தணியவில்லை. எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்றுதான் தெரியவில்லை.

"நீயாச்சும் சொல்லியிருக்கக் கூடாதாடி? இப்படி என்னைப் பாவியாக்கிட்டியே!"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க அத்தை?" எழில்மதி அழவில்லை. "உங்க பொண்ண ஏனாத்துக்கு அனுப்பியிருப்பீங்களா? இல்ல... 'ரெண்டு பேரும் போக வேணாம், நீ வேலைய விட்டுட்டு நித்யா புள்ளையையும் சேத்துப் பாத்துக்க'ன்னு சொல்லியிருப்பீங்க. உங்க பொண்ணு வேலை, வேலை. என் வேலைதான் ஊர் சுத்துறது."

மருமகள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பிசகில்லை.

திரிபுரசுந்தரி முகம் கழுவினாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். பூஜைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ எடுத்து வைத்துக்கொண்டு நேராகப் பந்தலுக்குப் போனாள். காது குத்த வந்திருந்த பத்தர் ஊசியையும் கம்பியையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் கேளுங்க. தாய்மாமனுக்கு அழைப்பு வெக்காம விட்டது என் தப்பு. வேற யார் மேலயும் குத்தமில்ல. அவரை அழைச்சுட்டு வர்ற வரைக்கும் ஊசிய எடுக்காதீங்க பத்தரே. பந்தி போட்டுடுங்க, யாரும் பட்டினியா ஒக்கார வேணாம்."

பந்தலில் முணுமுணுப்பு எழுந்தது. நித்யஸ்ரீயின் மாமியார் கழுத்தை நீட்டினாள்.

"என்ன சம்பந்தி, நல்ல நேரத்தை விட்டுட்டு... மருமக மெரட்டிட்டாளா?"

"எம் மருமகளுக்கு மெரட்டத் தெரியாதுங்க சம்பந்தி. தெரிஞ்சிருந்தா நான் எப்பவோ திருந்தியிருப்பேன்."

எழில்மதி அதைக் கேட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றாள். மகளின் ரகசியத்தையும் காப்பாற்றி, பழியையும் தன் தலையில் வாங்கிக்கொண்டாள் அந்த அம்மாள். நல்ல குடும்பத்து மனுஷி தவறு செய்தாலும் அதைத் திருத்தும் விதத்தில் தெரிந்துவிடும்.

மாமியாரும் மருமகளும் காரில் பூவத்துக்குப் போனார்கள். ரஞ்சித்குமார் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தான். எவனோ போன் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

"இப்பதான் வழி தெரிஞ்சுதா உங்களுக்கு? ஊர் பூரா சாப்பிட ஒக்காந்தாச்சாம். மிச்சம் இருக்குறதைத் தின்ன என்னைக் கூப்பிட வந்தீங்களா?"

"அண்ணே..." என்றாள் எழில்மதி.

"நீ பேசாத. உன்னையும் உள்ள வான்னு சொல்ல எனக்கு மனசு வரல."

"சொல்லாதீங்க தம்பி," என்றாள் திரிபுரசுந்தரி. வெயில் உச்சியில் அடித்தது. அவள் நிழலுக்கு நகரவில்லை. "நான் உள்ள வர வரல. நீங்க வெளிய வரணும்னு கேக்க வந்திருக்கேன். யார் வாசல்லயும் நின்னதில்லைன்னு எனக்கு ஒரு திமிர் இருந்துச்சு. அதை உங்க வாசல்ல எறக்கி வெச்சுட்டேன். உங்க தங்கச்சிய நான் பேசுன பேச்சு கொஞ்சமில்ல... அதுக்கு என்னை என்ன வேணா திட்டுங்க. ஆனா எம் பேத்திக்கு உங்க மடி வேணும்."

தட்டை நீட்டினாள். சாய்ந்த தட்டிலிருந்து பாக்கு ஒன்று உருண்டு விழுந்தது. ரஞ்சித்குமார் குனிந்து அதை எடுத்தான். எடுத்தவன் உடனே நிமிரவில்லை. நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது.

"தோடு செஞ்சு வெச்சு வருஷமாச்சு அத்தை," என்றான். "சட்டை மாத்திட்டு வர்றேன்."

பிற்பகலில், மாமன் மடியில் உட்கார்ந்து வாய் நிறைய மிட்டாயோடு இளவேனில் வீறிட்டு அழுதாள். பத்தர் கை சுத்தமான கை. கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் மாலை ரயில். எழில்மதி பெட்டி கட்டும்போது குழந்தையின் துணிகளையும் எடுத்து வைத்தாள். மாமியார் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கூட்டிட்டுப் போறியா?"

"ஆமா அத்தை. வேலையையும் விடல, புள்ளையையும் விடல. பக்கத்துக் குவார்ட்டர்ஸ்ல ஒரு அம்மா பகல்ல பாத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க."

"தெலுங்குக்காரியா?"

"ஆமா."

"அவளுக்கு என்னடி தெரியும்!" திரிபுரசுந்தரி பொரிந்து தள்ளினாள். "பாலை ஆத்தாமக் குடுத்தா துப்பிடுவா. பருப்பு சாதத்துல நெய் மேலாக மெதக்கணும், பெசைஞ்சுட்டா தொட மாட்டா. இடி இடிச்சா வெளிய சொல்ல மாட்டா, வெரல் மட்டும் சில்லுன்னு ஆயிடும், நாமதான் தொட்டுப் பாக்கணும். இதெல்லாம் உனக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றாள் எழில்மதி. ஒன்றரை வருஷத்துப் பேச்சைத் தாங்கியவளால் இதைத் தாங்க முடியவில்லை. "எப்படித் தூங்குவா அத்தை?"

"என் வயித்து மடிப்புல கைய வெச்சுக்குவா. அப்பதான் கண்ணு சொக்கும்." மாமியார் மருமகளின் சேலைக்கு மேலாக இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். எலும்புதான் கைக்கு அகப்பட்டது. "உனக்கு இங்க ஒன்னுமே இல்லையேடி... பாவி! நேரா நேரத்துக்குச் சாப்பிட்டாத்தானே! டூட்டி டூட்டின்னு ஓடிட்டு வெறும் வயித்தோட படுத்துக்குவியா? எம் புள்ளை எங்கடி கைய வெக்கும்?"

திட்டிக்கொண்டே மருமகளைக் கட்டிக்கொண்டாள். எழில்மதியின் அழுகை அப்போதுதான் வெடித்தது. மாமியாரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வீட்டில் எல்லாருக்கும் கேட்கும்படி அழுதாள்.

ஒருவரும் அவளைச் சமாதானப்படுத்த வரவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டார்கள்.