நாற்பத்தேழாம் நம்பர்

"நாப்பத்தேழு," என்றான் அவன்.

பிலோமினா திரும்பிப் பார்த்தாள். எழுபத்து நாலாம் வருட நவம்பர் மழை... மக்ரூன் கடைத் தகரக் கூரையின் கீழ் ஒதுங்கியவர்கள் இரண்டே பேர். காற்று அவன் குடையைத் தலைகீழாகத் திருப்பியதில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வழக்கம்போலக் கையால் வாயை மூடுவதற்குள் அவன் பார்த்துவிட்டான்.

"என்ன நாப்பத்தேழு? எனக்கு வயசு இருபத்திரண்டு."

"வயசு இல்லங்க... டாக்டர் சுந்தர்சிங் கிட்ட பல்லு செய்யுத வளன் நான். உங்க பல்லை அச்செடுத்து வார்த்த மாடல் பத்து நாளா என் மேசையில இருக்கு. நம்பர் நாப்பத்தேழு. அந்தத் தெத்துப்பல்லை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன்."

ஊருக்கே மறைத்து வைத்த பல்லை ஒருவன் பத்து நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்... அவள் முகம் சிவந்தது. அதோடு அவன் நிறுத்தியிருக்கலாம். அசடு, நிறுத்தவில்லை.

"அதை உள்ள தள்ளக் கம்பி வளைக்கச் சொல்லியிருக்காவ. எனக்கு மனசே வரல. அது போனா உங்க சிரிப்பு வேற யாரு சிரிப்போ ஆயிரும்."

"கம்பி வளைக்கதுதான் உங்க வேலை. என் சிரிப்பு உங்க வேலை இல்ல."

அழகான கண்கள்தான். கோபத்தில் இன்னும் கொஞ்சம் பெரிதாயின. அவள் மழையிலேயே இறங்கி நடந்தாள்.

அந்தப் பல்லுக்காக ஒரு கல்யாணம் காத்திருந்தது. மணப்பாட்டு மாப்பிள்ளை, கப்பலில் இன்ஜினியர், ஈஸ்டருக்கு வருகிறான். "பல்லைச் சரி பண்ணிருங்க, வந்ததும் நிச்சயம் வச்சிருவோம்" என்று அவன் தாய் சொல்லியனுப்பியிருந்தாள். பிலோமினாவின் அப்பா ரோச்சுக்குச் சரக்குத் தோணிகள் இரண்டு. தாயில்லாப் பிள்ளை நல்ல இடத்தில் சேரட்டும் என்று மறுநாளே டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தார்.

ரோஸ் நிற பிளேட் வந்தது, முன்னால் ஒரு கம்பியோடு. சாப்பிடும் நேரம் தவிர வாயிலேயே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். பிலோமினா வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் சிரித்துப் பார்த்தாள்... கழற்றிச் சோப்பு டப்பாவில் வைத்தாள். வளன் சொன்னது அவளுக்குப் பிடிக்கவில்லை. மறக்கவும் இல்லை.

மூன்று மாதமாகியும் பல் ஒரு நூல்கூட நகரவில்லை.

"ஏலே வளன், ஒன் கம்பிதான் கோளாறு," என்றார் டாக்டர், ரோச்சையும் பிலோமினாவையும் எதிரில் வைத்துக்கொண்டே. "இனி எல்லாம் மதுரையில செஞ்சுக்கிடுதேன். நீ வேற இடம் பாரு."

வளன் பிளேட்டைத் திருப்பிப் பார்த்தான். வாயில் கிடந்த பிளேட் ஒரு வாரத்தில் மங்கிவிடும். இதில் அவன் போட்ட மெருகு அப்படியே இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் வேலை தங்கும். அவளைப் பார்த்தான்.

"கோளாறு என்னுதுதான், டாக்டர்."

இத்தனை நாளும் அவன்மேல் வைத்திருந்தது கோபமே இல்லை என்று பிலோமினாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"கம்பி சரியாத்தான் இருந்துச்சு. நாந்தான் போடல. இங்க வார அன்னைக்கு மட்டும் மாட்டிக்கிட்டு வந்தேன்."

"ஏம்ளா?" என்றார் ரோச்.

"பல்லைப் பாத்துப் பொண்ணு எடுக்குத வீட்டுக்கு நான் போவல, அப்பா."

ரோச் மேசையிலிருந்த நாற்பத்தேழாம் மாடலை எடுத்தார். அந்தத் தெத்துப்பல்லின்மேல் பெருவிரலை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை.

"இவ அம்மைக்கும் இங்கன இப்பிடித்தான் இருந்துச்சு," என்றார் டாக்டரிடம். "இருந்துட்டுப் போவட்டும். மணப்பாட்டுக்கு நான் சொல்லிக்கிடுதேன்."

அவர் ரிக்‌ஷா பிடிக்க முன்னால் போனார். வாசலில் பிலோமினா கேட்டாள். "பிளேட்டைப் பாத்ததுமே தெரிஞ்சிருக்கும்லா? ஏன் சொல்லல?"

"நீங்க போடலன்னு தெரிஞ்சதும் சந்தோசமா இருந்துச்சு... வேலை போறது பெரிசாத் தெரியல."

"அன்னைக்கு மழையில சொன்னிய... இப்பவும் அதேதானா?"

"பத்து நாளு பல்லை மட்டும்தான் பாத்தேன். அன்னைக்குத்தான் உங்களைப் பாத்தேன். அதுலருந்து உங்களைத்தான் பிடிச்சிருக்கு."

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு அப்பா வீட்டுலதான் இருப்பாவ. இதை அங்க வந்து சொல்லுங்க... நான் ஏற்கெனவே சரின்னுட்டேன்."

சொன்ன வேகத்தில் அவளுக்கே சிரிப்பு வந்தது. பழக்கத்தில் கை மேலே எழுந்தது... பாதியில் இறங்கிவிட்டது.