நாலு நிறப் புள்ளி

ஓம்வீர் பையாவின் சைக்கிள் மணி கேட்டால் லோதி ரோடு குவார்ட்டர்ஸில் கதவுகள் மளமளவென்று திறக்கும். பாலுக்காக மட்டும் இல்லை, அவர் பேச்சுக்காகவும்தான். யமுனைக் கரையில் பீப்பல்வாலா என்ற கிராமத்தில் அவர் எருமைகள் வளர்க்கிறார். அவற்றைப் பற்றி ஏதாவது சொல்லாமல் ஒரு வீட்டிலும் பால் ஊற்ற மாட்டார்.

"பிட்டியா, நேத்து எங்க ஷேர்னி ஒரு தவளையைப் பார்த்துட்டு ஓடின ஓட்டம் இருக்கே!" என்றார் அன்று காலை, இந்தியில். மேதாவை அவர் 'பிட்டியா', அதாவது மகளே என்றுதான் கூப்பிடுவார்.

மேதா விழுந்து விழுந்து சிரித்தாள். ஷேர்னி என்றால் பெண் சிங்கம். அந்த எருமைக்கு அப்படி ஒரு பெயர்!

"இந்த வருஷமாவது தசராவுக்கு எங்க ஊருக்கு வா. எங்க ராவணன் பொம்மை மூணு மாடி உயரம். சாயங்காலம் ராம்லீலா நாடகம் ஆரம்பிச்சா, ராத்திரிதான் அவனைக் கொளுத்துவோம். பட்டாசு சத்தத்துல காது ரெண்டும் அடைச்சுப் போயிடும்!"

மேதா ஆசையோடு அம்மாவைப் பார்த்தாள்.

"அன்னிக்கு விஜயதசமிடி. கொலு பொம்மையைப் படுக்க வைக்கணும், சுண்டல் பண்ணணும், நாலு பேர் வருவா" என்றாள் அம்மா.

மேதாவுக்கு அந்தப் பதில் மனப்பாடம். போன வருடமும் இதையேதான் அம்மா சொன்னாள், அதற்கு முந்தின வருடமும் இதையேதான் சொன்னாள். பத்து வயது ஆகப்போகிறது, தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், இன்னும் ராவணன் எரிவதைப் பார்த்ததில்லை! சொன்னால் பள்ளிக்கூடத்தில் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

அன்று சனிக்கிழமை. அப்பா ஜெயராம் ஆபீஸ் வேலையாக சென்னைக்குப் போயிருந்தார். அம்மா ராஜலக்ஷ்மிக்கோ லீவு நாளிலும் ஆபீஸில் அவசர வேலை. அதனால் மேதாவும் கூடவே போனாள்.

ஆபீஸில் ஒரே ஒரு அறையில்தான் விளக்கு எரிந்தது. அங்கே அம்மாவின் மேலதிகாரி கஸ்தூரிரங்கன் மாமா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் இந்தியாவின் வரைபடம் தெரிந்தது. அதன் மேல் எங்கே பார்த்தாலும் புள்ளிகள். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள்.

"யாரும்மா ஹோலி விளையாடினது?" என்று கேட்டாள் மேதா.

அம்மா சிரித்தாள். "வானத்துல ஒரு செயற்கைக்கோள் சுத்திண்டே இருக்கு. கீழ எங்கேயாவது நெருப்பு எரிஞ்சா அதுக்குச் சூடு தெரியும். அந்த இடத்துல நாங்க ஒரு புள்ளி வைப்போம். ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு நிறம். இதெல்லாம் புல்வெளியில எரிஞ்ச நெருப்பு."

"புல்லு எரிஞ்சா உங்களுக்கு என்ன?"

"அந்தப் புகையில சில வாயு இருக்கு. நாம குளிருக்குப் போர்த்திக்கற ரஜாய் மாதிரி அது பூமியைப் போர்த்திடறது. உள்ள இருக்கற சூடு வெளியே போக முடியறதில்லை. அதனால ஒவ்வொரு நாடும் எவ்வளவு வாயு விட்டோம்னு கணக்குச் சொல்லணும். வருஷா வருஷம் கூடறதா, குறையறதான்னு பார்க்கணும். நம்ம நாட்டுப் புல்வெளிக் கணக்கு எங்க பொறுப்பு."

"யார்கிட்ட சொல்லணும்?"

"உலகத்துக்கு."

மேதாவுக்குப் பெருமையாக இருந்தது. மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தினமும் வீடு முழுக்கத் தேடும் அம்மா, உலகத்துக்கே கணக்குச் சொல்கிறாளாம்!

"மேடம், இந்த இடத்துக்கு ஒரு முடிவு கட்டுங்கோ" என்றார் கஸ்தூரிரங்கன் மாமா. தில்லிக்குப் பக்கத்தில் ஓர் இடத்தைத் திரையில் பெரிதாக்கினார். அங்கே நான்கு நிறப் புள்ளிகளும் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன.

"நாலு வருஷமும் அக்டோபர்ல அதே மைதானம்! மாடு மேய்க்கறவாதான் கொளுத்தறா. பழைய புல்லை எரிச்சா புதுப் புல் வருமே, அதுக்காக. மாடுகளை இனிமே உள்ளே விடக் கூடாதுன்னு திங்கட்கிழமை நாம லெட்டர் அனுப்பிடணும்."

"அக்டோபர்ல புல் பச்சைப்பசேல்னு இருக்கும் சார். அதான் எனக்கு இடிக்கறது" என்றாள் அம்மா.

"வேணும்னு கொளுத்தினா பச்சைப் புல்லும் எரியும். வேற என்ன இருக்கு அங்கே? வெறும் பீப்பல்வாலா கிராமம்."

மேதா நாற்காலியிலிருந்து குதித்தாள். "பீப்பல்வாலாவா? அது ஓம்வீர் பையா ஊர்! அங்கே மேயறது ஷேர்னிதான்!"

"ஷேர்னியா? சிங்கமா?" மாமாவின் கண்கள் விரிந்தன.

"எருமை மாமா! நீங்க லெட்டர் அனுப்பினா அது எங்கே போய் மேயும்? பையா கொளுத்தவே மாட்டார். ஷேர்னியோட சாப்பாட்டை அவரே எரிப்பாரா?"

மேதா புல் இல்லாத எருமையையும், காலிக் கேனோடு நிற்கும் பையாவையும் நினைத்துப் பார்த்தாள். அழுகை வந்துவிடும் போல இருந்தது.

அம்மா அவள் தலையைத் தடவினாள். "எனக்கும் ஓம்வீர் மேல நம்பிக்கை இருக்கு கண்ணா. ஆனா நமக்குத் தெரிஞ்சவர்ங்கறதுக்காகப் புள்ளியை அழிக்க முடியாது. நெருப்பு எரிஞ்சது நிஜம். யார், எதுக்கு எரிச்சாங்கறதுக்கு ஆதாரம் வேணும்."

அம்மாவும் மாமாவும் டீ குடிக்கப் போனார்கள். மேதா போகவில்லை. திரைக்கு முன்னால் உட்கார்ந்து அந்தப் புள்ளிகளை முறைத்தாள். அவை அசையவே இல்லை. ஒரு புள்ளியின் மேல் மௌஸை வைத்து அழுத்தினாள். டக்கென்று ஒரு சின்னக் கட்டம் திறந்தது. அதில் தேதி இருந்தது. கூடவே, இரவில் எடுத்த படம் என்றும் இருந்தது.

சிவப்புப் புள்ளி, அக்டோபர் ஏழு. பச்சைப் புள்ளி, அக்டோபர் இருபத்தாறு. மஞ்சள், அக்டோபர் ஐந்து. எல்லாம் இரவுதான். நீலப் புள்ளியை அழுத்தினாள். அக்டோபர் பதினைந்து.

"அட, என் பர்த்டே!"

இரண்டு வருடத்துக்கு முந்தைய பிறந்த நாள். அதை மறக்க முடியுமா? அன்று வீட்டில் கேக்கே கிடையாது! கேக்குக்குப் பதில் கொண்டைக்கடலைச் சுண்டலில் அம்மா மெழுகுவர்த்தி குத்தி வைத்தாள். ஏன் என்றால், அன்று விஜயதசமி. அதுவும் போகட்டும். அவள் கூப்பிட்ட தோழிகளில் ஒருத்திகூட வரவில்லை. எல்லோரும் எங்கே போயிருந்தார்கள்?

மேதா வராந்தாவுக்கு ஓடினாள். ஓடிய வேகத்தில் மாமாவின் டீ அவர் சட்டையில் கொஞ்சம் சிந்தியது.

"அம்மா! எரிஞ்சது புல் இல்லை! ராவணன்!"

"என்னது?"

"என் பர்த்டேக்கு யாருமே வரலையே, ஞாபகம் இருக்கா? எல்லாரும் ராவணனைப் பார்க்கப் போயிட்டா. அன்னிக்குத்தான் நீலப் புள்ளி! ஒவ்வொரு வருஷமும் தேதி மாறறது, ஆனா இடம் மாறலை. ஒரே ஒரு ராத்திரி மட்டும் எரியறது. பண்டிகைதானே தேதி மாறி மாறி வரும்?"

கஸ்தூரிரங்கன் மாமா சட்டையைத் துடைக்கக்கூட இல்லை. விறுவிறுவென்று அறைக்குள் போய்த் தன் அலமாரியைத் திறந்தார். அதில் கோப்புகளுக்குப் பின்னால் பழைய பஞ்சாங்கங்கள் அடுக்கியிருந்தன. ராகுகாலம் பார்க்காமல் மாமா ஒரு கடிதத்தில்கூடக் கையெழுத்துப் போடமாட்டார். பழசையும் தூக்கிப் போட அவருக்கு மனசு வராது.

அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். அம்மா ஒவ்வொரு தேதியாகப் படித்தாள்.

"விஜயதசமி... சரி. இதுவும் விஜயதசமி... சரி. இதுவும்!" கடைசிப் பஞ்சாங்கத்தை மூடிவிட்டு மாமா தொப்பென்று உட்கார்ந்தார். "ராம ராமா! நாலு வருஷமா ராவணனைப் போய்ப் புல்லுன்னு எண்ணிண்டு இருந்திருக்கோம்!"

அடுத்த நொடி மூன்று பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீரே வந்துவிட்டது.

"நமக்கு எப்படித் தோணலை?" என்றார் மாமா.

"எப்படித் தோணும் சார்? இருபது வருஷமா தில்லியில இருக்கோம். விஜயதசமின்னா ஆத்துல கொலுவும் சுண்டலும்தான். வாசலைத் தாண்டி என்னிக்காவது எட்டிப் பார்த்திருக்கோமா?"

மறுநாள் காலையில் பால் வாங்கும்போது அம்மா பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். "பையா, உங்க ராவணனை எங்கே கொளுத்துவீங்க?"

"எருமை மேயற மைதானத்துலதான் பெஹன்ஜி. அங்கேதான் இடம் இருக்கு. அன்னிக்கு மட்டும் எல்லா எருமையையும் வீட்டுல கட்டிடுவோம். ஷேர்னிக்குத்தான் பட்டாசுன்னா உயிரே போயிடுமே!"

அம்மா மேதாவைப் பார்த்துக் கண்ணடித்தாள். திங்கட்கிழமை அந்தக் கடிதம் போகவில்லை. புல்வெளிக் கணக்கிலிருந்து நான்கு புள்ளிகள் நீங்கின.

விஜயதசமி வந்தது. அம்மா காலையிலேயே சுண்டல் செய்து எல்லோருக்கும் கொடுத்து முடித்தாள். ஒரு மரப்பாச்சியைக் கொஞ்சம் முன்னதாகவே படுக்க வைத்துவிட்டு, "நீ தூங்கு, நாங்க போயிட்டு வரோம்" என்றாள்.

பீப்பல்வாலா மைதானத்தில் ராவணன் பத்துத் தலைகளோடு நின்றான். மேதா அப்பாவின் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கஸ்தூரிரங்கன் மாமா காதுகளில் பஞ்சு வைத்துக்கொண்டு, கை நிறைய ஜிலேபியோடு நின்றார். ராமன் அம்பு விட்டான். பட பட படவென்று ராவணன் எரிந்தான்! மேதா கத்திய கத்தலில் அவள் தொண்டை கட்டிப் போனது.

"பார்த்தியா பிட்டியா?" என்றார் ஓம்வீர் பையா, தானே ராவணனைச் செய்தவர் போல.

"பார்த்தேன் பையா!" அவள் நிமிர்ந்து வானத்தைப் பார்த்து இரண்டு கைகளையும் ஆட்டினாள். "ஹலோ! இது புல் இல்லை!"

அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் மேதா நேராக அம்மாவின் ஆபீஸுக்குப் போனாள். திரையில் அதே மைதானத்தில் புதிதாக ஒரு புள்ளி வந்திருந்தது. இந்த வருடத்துக்கு ஆரஞ்சு நிறம்.

"இதையும் கணக்குலேர்ந்து எடுத்துடலாமா?" என்று கேட்டாள் அம்மா.

"கொஞ்சம் இரும்மா!" மேதா திரைக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"இந்தப் புள்ளிக்குள்ள நாமளும் இருக்கோம்!"