நான்காம் ஓவனின் கார்டு

புஷ்பவள்ளியின் பெயரை அழித்துப் பதினெட்டு மணி நேரம் ஆகியிருந்தது. காலையில் கனகேஸ்வரி கணினியைத் திறந்தபோது அந்தப் பெயர் திரும்பி வந்திருந்தது.

அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. வெளியே தொழிற்சாலைப் பேருந்துகள் பாயான் பாரு குடியிருப்பிலிருந்து பெண்களைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தன. ஈரக் குடைகள், சிரிப்பு, அடையாள அட்டை தேய்க்கும் சத்தம். எல்லா நாளையும் போன்ற ஒரு நாள்.

பராமரிப்புப் பிரிவுக்குப் புதிய மென்பொருள் வந்திருந்தது. எந்த இயந்திரத்துக்கு எப்போது என்ன வேலை செய்ய வேண்டும் என்பது அதில் இருக்கும். ஒவ்வொரு வேலையோடும் அதற்குரிய செய்முறைத் தாளை இணைத்துவிட்டால், நாள் வந்ததும் கார்டு தானாக அச்சாகும். டெக்னீஷியன் அதைப் படித்து, அதன்படி செய்வார். தாள்களைச் சரிபார்த்து இணைப்பது கனகேஸ்வரியின் வேலை. அவளுக்கு முன்னால் அது புஷ்பவள்ளியின் வேலை.

புஷ்பவள்ளி போன வருடம் இறந்துவிட்டாள். மாரடைப்பு என்றார்கள். இருபத்தாறு வயது.

“புஷ்பா இருந்தப்ப ஒரு கார்டு தப்பா வந்ததில்ல லா,” என்று ஸ்டோரில் இருக்கும் ஹாஜரா வாரம் ஒருமுறையாவது சொல்வாள். “நீ டிகிரி படிச்சவ. அவ ஸ்கூல்ல எஸ்.பி.எம். பரீட்சை மட்டும்தான். ஆனா கை இருக்கே, அப்படி ஒரு கை.”

கனகேஸ்வரி தலையாட்டுவாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகுப் பக்கம் வேறு யாருக்கோ பழகிய பள்ளம் தெரியும். அதைச் சொல்லவும் வெட்கம்.

எல்லாத் தாள்களின் அடியிலும் ‘தயாரித்தவர்: புஷ்பவள்ளி’ என்று இருந்தது. ஒவ்வொன்றாகத் திருத்தித் தன் பெயரைப் போட்டு, பழைய தாளுக்குப் பதிலாக இணைத்துக்கொண்டு வந்தாள். எல்லாம் அப்படியே நின்றன. கணினிச் சில்லுகளைச் சூடாக்கும் நான்காம் ஓவனில் மட்டும் பழைய தாளே திரும்பத் திரும்ப வந்து இணைந்துகொண்டது.

முதல் முறை தன் தவறு என்று நினைத்தாள். இரண்டாம் முறை மாற்றப் பதிவைப் பார்த்தாள். யார் மாற்றினாலும் மென்பொருள் பெயரைக் குறித்துக்கொள்ளும். அதில் கனகேஸ்வரியின் பெயரே இருந்தது. அவளுடைய கடவுச்சொல்லைக் கொண்டு யாரோ நுழைந்திருக்கிறார்கள்.

அந்தக் கடவுச்சொல் வாசுவின் மோட்டார் சைக்கிள் எண்.

யாராலாவது கண்டுபிடிக்க முடியும் என்றால் அது வாசுதான். அவன் டெக்னீஷியன். புஷ்பவள்ளிக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை. மற்ற பெண்கள் எல்லாம் அவனை ‘வாசு அண்ணே’ என்பார்கள். கனகேஸ்வரி மட்டும் எதையும் சொல்லிக் கூப்பிடாமல் பேச்சைத் தொடங்குவாள். போன வாரம் மழையில் அவன் அவளைத் தன் மோட்டாரில் வீடுவரை கொண்டுவந்து விட்டான். “தைரியமா புடிச்சுக்குங்க, விழுந்தா கார்டு யாரு அடிக்கிறது?” என்று சிரித்தான். புஷ்பவள்ளி இறந்த பிறகு அவன் சிரித்து இப்போதுதான் பார்ப்பதாக ஹாஜரா சொன்னாள்.

மறுநாள்தான் இணைப்பு முதல்முறை மாறியது.

அவனுக்குப் புஷ்பவள்ளியின் பெயர் வேண்டும். தன் கையில் வரும் கார்டில் அவள் பெயரைப் பார்க்க வேண்டும். கனகேஸ்வரிக்கு அந்த நினைப்பே கசந்தது. செத்தவளிடம் பொறாமைப்படுவது அசிங்கம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கசந்தது.

திரையை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது. தோளுக்கு மேலே இன்னொன்று இருப்பது போலிருந்தது.

திரும்பினாள். யாரும் இல்லை.

சந்தனப் பவுடர் வாசனை வந்தது.

இந்தக் கட்டடத்தில் யாரும் பவுடர் பூசுவதில்லை. தூசு பட்டால் சில்லுகள் கெட்டுப்போகும். பூவும் பொட்டும்கூட வாசலிலேயே நின்றுவிடும்.

கனகேஸ்வரி மூச்சை மெல்ல இழுத்தாள். வாசனை மிகவும் பக்கத்தில் இருந்தது, காதோரம்.

“வேணும்னா வச்சுக்குங்க,” என்றாள் மெதுவாக, யாரிடம் என்று தெரியாமல். இணைப்பை மாற்றவில்லை. எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

பத்து மணிக்கு அச்சுப்பொறி கரகரவென்று ஓடியது. வாசு வந்து கார்டைக் கிழித்து எடுத்துக்கொண்டான்.

“நாலாம் ஓவன் ஃபில்டரா? சரி. மத்தியானம் சேந்து சாப்பிடலாமா கனகா? கேண்டீன்ல மீன் கறி.”

அவள் தரையைப் பார்த்தாள். “உங்களுக்கு வேற நெனப்பு இருக்கும்.”

“என்ன நெனப்பு?”

“ஒன்னுமில்ல. போங்க.”

அவன் கார்டை மடித்துச் சட்டைப்பையில் செருகினான். பிறகு போய்விட்டான்.

கார்டின் நகல் தட்டில் கிடந்தது. அவள் எப்போதும் அடியில் இருக்கும் பெயரை மட்டுமே பார்த்திருந்தாள். அந்தப் பெயரைத் தாண்டிக் கண் போனதில்லை. இப்போது முதல்முறையாக மேலே பார்த்தாள்.

செய்முறை: மூன்றாம் ஓவன்.

மூன்றும் நான்கும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவை. இரண்டும் ஆள் நிமிர்ந்து நுழையும் உயரம், ஒரே நிறம், ஒரே கதவு. மூன்றில் இருப்பது சாதாரணக் காற்று. நான்கில் நைட்ரஜன். அவள் எழுதிய தாளில் இரண்டாவது வரியே வாயுக் குழாயை அடைத்து, கதவைத் திறந்துவைத்து, ஆக்ஸிஜன் மீட்டர் சரியான அளவு காட்டும்வரை காத்திரு என்பதுதான். இந்தத் தாளில் அது இல்லை.

இதில் இரண்டாவது வரி: கதவைத் திறந்து உள்ளே செல்.

நைட்ரஜனுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. மூச்சு முட்டாது. இரண்டு இழுப்பில் ஆள் விழுந்துவிடுவார். விழுவது அவருக்கே தெரியாது.

கனகேஸ்வரி ஓடினாள்.

“அங்கி போடாம உள்ள போகக்கூடாது, ஏய்!” என்று ஹாஜரா பின்னால் கத்தினாள்.

நான்காம் ஓவனின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. வாசலுக்கு வெளியே இரண்டு காலணிகள் தெரிந்தன. கால்கள் அவற்றுக்குள் இருந்தன.

“வாசு!”

அந்தப் பெயரை அவள் சொன்னது அதுவே முதல்முறை.

நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டாள். குனிந்து உள்ளே போய் அவன் இடுப்பு வாரைப் பிடித்து இழுத்தாள்.

அவன் நகரவில்லை.

ஒல்லியான ஆள். ஐம்பத்தைந்து கிலோ இருப்பானா? மறுபடி இழுத்தாள். ஒரு கை அளவு வந்தான். வந்தவன் திரும்பவும் உள்ளே போனான்.

அவனுடைய வலது கை உள்பக்கமாக நீண்டிருந்தது. தரையில் கிடக்கவில்லை. அந்தரத்தில் நின்றது, யாரோ பிடித்திருப்பது போல.

உள்ளே யாரும் இல்லை.

வாயைத் திறந்தால் மூச்சு போய்விடும். கத்த முடியாது. கெஞ்சவும் முடியாது. மூடிய வாய்க்குள்ளும் சந்தனம் மணத்தது.

கனகேஸ்வரி கதவின் சட்டத்தில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தாள். விடமாட்டேன் என்று மனதுக்குள் சொன்னாள். வாழ்க்கையில் எதற்காகவும் அவள் அப்படிப் பிடிவாதம் பிடித்ததில்லை. காதுக்குள் இரத்தம் அடித்தது. கண் இருண்டுவந்தது.

பின்னாலிருந்து ஹாஜராவின் கைகள் அவள் இடுப்பைப் பற்றின.

அந்தரத்தில் நின்ற வாசுவின் கை சட்டென்று விழுந்தது. மூவரும் வெளியே வந்து தரையில் சாய்ந்தார்கள்.

வாசு இருமினான். இருமி இருமிக் காற்றை விழுங்கினான். உதடுகள் நீலமாக இருந்தன. மெல்ல நிறம் திரும்பியது. ஓவன் வரிசையில் வேலை செய்த பெண்கள் அங்கியோடு வந்து சூழ்ந்து நின்றார்கள். கண்கள் மட்டும் தெரிந்தன.

பராமரிப்புப் பிரிவின் தலைவர் விஸ்வலிங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“ஒன்னுமில்ல, எல்லாரும் போங்க. மயக்கம்தான். காலையில பசியாறியிருக்க மாட்டான். என்ன தம்பி?”

வாசு அவரிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். கனகேஸ்வரி அவன் தலையைத் தன் மடியில் வைத்திருந்தாள். அத்தனை பேர் பார்ப்பது அவளுக்கு உறைக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருந்தது.

“கார்டு தப்புன்னு உங்களுக்குத் தெரியாதா? எத்தனை வருசமா செய்றீங்க? மீட்டர் பாக்காம ஏன் போனீங்க?”

“தெரியும்,” என்றான். குரல் கரகரத்தது. “கார்டைப் பாத்துப் போகல.”

“என் பாஸ்வேர்டுல நீங்கதானே பழசை மாத்தி மாத்தி வச்சீங்க?”

அவன் புரியாமல் பார்த்தான். “எனக்கு அந்தக் கம்ப்யூட்டரைத் திறக்கவே தெரியாது, கனகா.”

அவனுடைய வலது மணிக்கட்டில் ஐந்து விரல்களின் தடம் வெள்ளையாகப் பதிந்திருந்தது. ஹாஜரா தொட்டுப் பார்த்தாள். அவள் விரலில் பவுடர் ஒட்டியது. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஓவனுக்குள் விளக்கு அணைந்தது. யாரும் விசைப்பக்கம் நிற்கவில்லை. பாதி திறந்திருந்த கதவு, பொறுமையாக, உள்ளிருந்து சாத்திக்கொண்டது.

பெண்களில் ஒருத்தி அழத் தொடங்கினாள்.

“பேசாத தம்பி,” என்றார் விஸ்வலிங்கம். அவர் நெற்றி வியர்த்திருந்தது. “வா, ஆபீஸ்ல உக்காந்து பேசிக்குவோம்.”

வாசு எழுந்திருக்கவில்லை. கனகேஸ்வரியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

“உள்ள நின்னுக்கிட்டு என்னைக் கூப்பிட்டா. அன்னிக்கும் இதே இடத்துலதான், சார். அவளே தப்பா இணைச்ச கார்டு, அதைச் சரிபாக்கத்தான் உள்ள போனா. மாரடைப்பு இல்ல, அது நீங்க சொன்ன கதை. புஷ்பா இந்த ஓவனுக்குள்ளதான் செத்தா.”