மேற்கு நோக்கிய முகம்

செங்கதிரோன் மேலைக் குன்றுகளுக்குப் பின்னே இறங்கிக்கொண்டிருந்த வேளையில், பாலாற்றின் மணற்பரப்பு குங்குமக் குழம்பைக் கொட்டினாற்போலச் சிவந்து கிடந்தது. அந்திவானம் மட்டும் அதற்குக் காரணமன்று என்பதை, அன்பு வாசகர்களே, வருத்தத்தோடு சொல்லியாக வேண்டும். அன்று நண்பகலில்தான் வெண்ணாவல் கோட்டை விழுந்தது. அதை ஆண்ட சமணக் குறுநில மன்னர் போரில் மாண்டார். அவருடைய ஒரே மகள் சோதிநங்கை மட்டும் அகப்படவில்லை.

வென்ற படையின் தலைவன் கண்டன் மழவராயன், ஆற்றங்கரையில் அடுக்கப்பட்டிருந்த பெருஞ்சிதையின் அருகே நின்றான். வெற்றிக் களிப்பு அவன் முகத்தில் இல்லை. நான்கு திங்களுக்கு முன் சமாதானத் தூதனாக அதே கோட்டைக்குள் சென்றிருந்தான். திரைக்குப் பின்னிருந்து தந்தைக்காகப் பேசிய ஒரு பெண்குரல் அன்று முதல் அவன் உறக்கத்தைக் கவர்ந்திருந்தது. தூது பலிக்கவில்லை. இப்போது அவன் கையில் தன் மன்னரின் ஓலை இருந்தது. மாண்ட பகைவரின் உடலை உறவினரோ, மாண்டவரை ஆண்ட தலைவரோ நேரில் வந்து கேட்டால் கொடுக்கலாம். எஞ்சியவை இருட்டுமுன் ஒரே சிதையில் எரிய வேண்டும். இளவரசி அகப்பட்டால், தோற்ற நாட்டுப் பெண்களை அடைத்து வைக்கும் வேளத்துக்கு அனுப்ப வேண்டும். நடப்பதையெல்லாம் எழுதிக்கொள்ள ஓலைநாயகம் ஒருவர் எழுத்தாணியோடு பக்கத்திலேயே நின்றார்.

அப்போது முக்காடிட்ட பெண்ணொருத்தி வந்து, குதிரைப்படைத் தலைவர் ஹம்சாவின் உடலைக் கேட்டாள். ஹம்சா கடல் கடந்து குதிரைகளோடு வந்து வெண்ணாவலிலேயே தங்கிவிட்ட அரபு நாட்டுச் சோனகர். அவருடைய மார்க்கத்தில் உடலுக்குத் தீயிடுவது ஆகாது என்றும், மண்ணில் கிடத்தி முகத்தை மேற்கே திருப்பி வைக்க வேண்டும் என்றும் அவள் சொன்னாள்.

முதற்சொல்லிலேயே மழவராயன் அந்தக் குரலை அறிந்துகொண்டான்.

"பெண்ணே, அவரை நானே புதைத்துவிடுகிறேன். நீ இங்கே நிற்காதே, போய்விடு" என்றான் தாழ்ந்த குரலில்.

ஓலைநாயகம் குறுக்கிட்டார். உரியவர் கேளாத உடலைச் சிதையிலிருந்து எடுப்பது அரச கட்டளையை மீறுவதாகும் என்றும், அதை எழுதாமல் விடத் தம்மால் இயலாது என்றும் சொன்னார். அவர் கெட்டவர் அல்லர், பயந்தவர். "நீ அவருக்கு உறவா, அம்மா?" என்று கனிவாகவே கேட்டார்.

"இல்லை. இந்நாட்டில் அவருக்கு உறவென்று யாருமில்லை."

பத்தடித் தொலைவில் நாணற்காடு இருண்டு கிடந்தது. அதற்குள் நுழைந்துவிட்டால் அவளைத் தேடிப் பிடிக்க அன்று எவராலும் இயலாது. மழவராயன் கண்களாலேயே கெஞ்சினான். அவள் நாணலை ஒருமுறை பார்த்தாள். பிறகு முக்காட்டை நீக்கினாள்.

"எங்கள் அருகன் கோயில் திருவிழாவில் அவர் வாயிற்காவல் நிற்பார். அவர் தொழும் வேளையில் என் தந்தை முரசை நிறுத்தச் சொல்வார். படைத்தலைவரே, அவரை ஆண்ட குலத்தில் எஞ்சியவள் நான். வெண்ணாவல் இளவரசி சோதிநங்கை கேட்கிறேன். அவரைத் தாருங்கள்."

எழுத்தாணி ஓலையைக் கீறும் ஒலி எழுந்தது.

மழவராயன் வாளைக் கழற்றி வைத்துவிட்டுத் தானே குழியில் இறங்கி, அவள் சொன்னபடி ஹம்சாவைக் கிடத்தினான். அவருக்காக ஓதவேண்டிய சொற்கள் அங்கிருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. மண்ணைத் தள்ளினார்கள்.

பல்லக்கு வந்தது. சோதிநங்கை இடைத்துணியிலிருந்து விரலளவேயான அருகன் திருமேனி ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"வேளத்தில் இவரைத் தொழ விடுவார்களா?"

எத்தனையோ கோட்டைக் கதவுகளை உடைத்தவன் அவன். சத்தியம் செய்ய உயர்ந்த கை பாதியிலேயே நின்றது.

"அறியேன், தேவி. அதற்கு வாக்களிக்கும் அதிகாரம் எனக்கில்லை."

"பொய் சொல்லாமல் இருந்தீர்களே" என்று சொல்லி, அவள் திருமேனியைத் துணிக்குள் முடிந்துகொண்டு பல்லக்கில் ஏறினாள்.

சுமப்போர் உத்தரவுக்காகக் காத்திருந்தார்கள். உத்தரவிட அவனைத் தவிர அங்கே வேறு அதிகாரி இல்லை. அவன் கையை அசைத்தான்.