இருமலுக்குப் பதில்

அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று டாக்டர் மகளிடம் அழுத்திச் சொன்னது ஒன்றுதான். ரத்தப் புற்றுநோய் முற்றிவிட்டது, இருமலும் மூச்சுத்திணறலும் இருக்கத்தான் செய்யும். கீழே மட்டும் விழவே கூடாது. விழுந்தால் ரத்தம் நிற்காது.

காலமெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் செய்த மனுஷனுக்குப் படுத்துக்கிடப்பது வேப்பங்காயாகக் கசந்தது. பக்கத்தில் ஆளில்லை என்று தோன்றினால் போதும், கட்டிலைவிட்டு இறங்கப் பார்ப்பார். பேசினாலோ மூச்சு வாங்கியது. அதனால் இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். அவர் இருமினால், சமையலறையிலிருந்து அவள் கரண்டியால் மேடையைத் தட்டுவாள். இருக்கிறேன் என்று அர்த்தம்.

நாள் போகப் போக அவளுக்கு அழுகை வற்றிவிட்டது. பயமும் மரத்துப்போயிற்று. இருமல் கேட்கும், கை தானாகத் தட்டும். தலையைக்கூடத் திருப்ப மாட்டாள்.

ஒரு மத்தியானம் வழக்கமாக வரும் நர்ஸ் வந்தாள். உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தாள்.

"அக்கா, அப்பா போயிட்டாரு."

"இப்பதானே இருமினாரு."

நர்ஸ் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "உடம்பு வெறச்சுப் போச்சுக்கா. காலையிலயே போயிருக்கணும்."

காலையில் மருந்து கொடுத்த பிறகு அவள் உள்ளே போகவில்லை. தட்டிக்கொண்டு மட்டும் இருந்தாள்.

யாரிடமும் இதைச் சொல்லவில்லை. காரியமெல்லாம் முடிந்தது. வாடகைக் கட்டிலையும் கடைக்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். காலி அறையில் மருந்து வாடை மட்டும் போகாமல் நின்றது.

மறுநாள் அடுப்படியில் நின்றபோது இருமல் கேட்டது.

கை தட்டிவிட்டது.

காரியத்துக்கு வந்து தங்கியிருந்த தம்பி கூடத்திலிருந்து ஓடிவந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. அவனுக்கும் கேட்டிருக்கிறது.

"தட்டாதக்கா," என்றான் மெதுவாக. "நீ தட்டுறதாலதான் அவரு இங்கயே இருக்காரு. விட்டுடு. நிம்மதியா போகட்டும்."

அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கரண்டியைக் கீழே வைத்தாள்.

மறுபடி இருமல்.

அவள் கை கரண்டிக்குப் போனது. தம்பி அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

இன்னொரு முறை. நீளமாக, இழுத்து இழுத்து.

அப்புறம் ஒன்றுமில்லை. வீடு அமைதியாக இருந்தது.

"போயிட்டாருக்கா," என்றான் தம்பி.

காலி அறைக்குள் கட்டில் கிரீச்சிட்டது. ஒரு கால் தரையில் பட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"கைய விடுடா," என்றாள் அவள். "விழுந்துடுவாரு."